இருட்டுக்குக் கொடுத்த 6,500 ரூபாய்

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் எலெக்ட்ரிக்கல் கடை. ஒயர், சுவிட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர், சீலிங் ஃபேன், அப்புறம் எல்இடி ஃபோக்கஸ் லைட். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

ஜவ்வாது மலையில், காவலூர் தாண்டி ஜமுனாமரத்தூர் போகிற பக்கம் ஒரு பண்ணை விடுதி இருக்கிறது. பெயர் வேண்டாம். குறை கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், யாருடைய பிழைப்பிலும் மண் அள்ளிப் போட எனக்கு விருப்பமில்லை. ‘விண்கல் இரவு’ என்று அவர்கள் போட்ட போஸ்டர் 2023 ஏப்ரலில் வாட்ஸ்ஆப்பில் சுற்றி என்னிடமும் வந்தது. பெரியவர்களுக்கு 2,500, பிள்ளைகளுக்கு 1,500. தங்க இடம், இரவுச் சாப்பாடு, காலை டிபன், டெலஸ்கோப், கேம்ப் ஃபயர். கீழே கொட்டை எழுத்தில் ‘மணிக்கு 100 விண்கற்கள்’.

அந்த நூறைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. ஏப்ரல் 22, 23 தேதிகளில் வருவது யாழ் விண்கல் பொழிவு. லைரிட்ஸ் என்பார்கள். டிசம்பரில் வருகிற ஜெமினிட் மாதிரி பெரிய கூட்டம் இல்லை இது, சிறிய பொழிவு. வானம் கன்னங்கரேல் என்று இருந்து, விண்கற்கள் எல்லாம் அங்கிருந்தே புறப்பட்டு வருவதுபோல் தோன்றும் மையப் புள்ளி நேர் உச்சியில் நின்றால் ஒருவர் கண்ணுக்கு மணிக்குச் சுமார் 18 படலாம் என்று கணக்கு. அதுவும் ஏட்டுக் கணக்குதான். உண்மையில் பத்து கிடைத்தால் நல்ல ராத்திரி. 1982இல் ஒருமுறை கொஞ்ச நேரத்துக்கு மணிக்குத் தொண்ணூறு வரைக்கும் எகிறியதாகப் பதிவு இருக்கிறது. போஸ்டர் போட்டவர் அதைத்தான் எங்கேயோ படித்து, பத்தைச் சேர்த்து ரவுண்டாக்கிவிட்டார் போல.

ஆனாலும் பணம் கட்டினேன். காரணம் மூன்று. ஒன்று, நிகழ்ச்சி வைத்திருந்த 22ஆம் தேதி ரம்ஜான். எங்கள் ஊரில் கடைத்தெருவே மூடியிருக்கும், நான் மட்டும் திறந்து வைத்து ஈ ஓட்ட வேண்டாம். இரண்டு, அமாவாசை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிறை எட்டரை வாக்கில் இறங்கிவிடும், மீதி ராத்திரி முழுக்க நிலா இல்லை. மூன்று, பொழிவின் உச்சம் 23ஆம் தேதி விடிகாலையை ஒட்டி என்று போட்டிருந்தார்கள், நம் ஊர் நேரத்துக்கு அது அப்படி வாய்ப்பது அபூர்வம். அன்றைக்கே அட்சய திருதியையும் சேர்ந்துகொண்டது. நகைக் கடைக்குக் கூப்பிடுவேன் என்று பயந்து மலைக்கு ஓடிவிட்டார் என்று வீட்டம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் பாதி உண்மை.

நான், ஒன்பதாவது படிக்கும் மகள், என் மச்சான் மூன்று பேரும் கிளம்பினோம். பக்கத்துக் கடை பாய் வீட்டிலிருந்து மத்தியானமே பிரியாணியும் கத்தரிக்காயும் தூக்கில் வந்திருந்தது. தின்றது போக மிச்சத்தை டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டோம். வாணியம்பாடி, ஆலங்காயம், அங்கிருந்து மலை ஏற்றம். வழியில் காவலூர் வானாய்வுக்கூடத்தின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அதற்குள்தான் இருக்கிறது. வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு இந்த மலையைத் தேடிப் பிடித்ததற்கு ஒரு காரணம், இங்கிருந்து தென்வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம் என்பது. மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது வாசலில் பார்த்த குரங்கு மட்டும்தான்.

விடுதிக்கு ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். இடம் அருமை. மூன்று பக்கம் மேடு, கிழக்கே திறந்த சரிவு, சாமை அறுத்துவிட்ட வயல். எங்களையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். அறை சுத்தம், கழிவறை சுத்தம், தண்ணீர் வந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தார்கள். 7 மணி டெலஸ்கோப். 8 மணி சாப்பாடு. 9 முதல் 10 வரை விண்கல் பார்த்தல். 10 முதல் 12 வரை கேம்ப் ஃபயர், பாட்டு. 12 மணிக்குத் தூக்கம்.

இதைப் படித்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. பொறுப்பாளரிடம் போனேன், முப்பது வயதிருக்கும், மரியாதையான பையன். “தம்பி, யாழ் பொழிவோட மையம் அபிஜித் நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இருக்கு. அது நம்ம ஊர்ல அடிவானத்துக்கு மேல வர்றதே ஏறக்குறைய பத்து மணிக்குத்தான். நீங்க ஒன்பதுல இருந்து பத்துன்னு போட்டிருக்கீங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார். “சார், பன்னெண்டுக்கு மேல கஸ்டமர் யாரும் முழிச்சிருக்க மாட்டாங்க சார்” என்றார். அதுவும் நியாயம்தான். பஸ் பத்து மணிக்குத்தான் கிளம்பும் என்று தெரிந்தும், ஒன்பது மணிக்கு ஆட்களை நிறுத்தி டாட்டா காட்டச் சொல்கிற கதை.

டெலஸ்கோப் பகுதிக்கு நல்ல மார்க் தருகிறேன். சின்னக் கண்ணாடி டெலஸ்கோப், ஸ்டாண்ட் ஆட்டம். ஆனால் அன்றைய மேற்கு வானம் ஒரு சீதனம். கீற்றுப் பிறை, அதை ஒட்டினாற்போல் கார்த்திகைக் கூட்டம், கொஞ்சம் மேலே வெள்ளி கண்ணைப் பறித்துக்கொண்டு நின்றது. பஞ்சாங்கத்திலும் அன்றைக்குக் கார்த்திகை நட்சத்திரம்தான். வெறும் கண்ணுக்கு ஆறு என்று எண்ணிப் பழகிய இடத்தில், டெலஸ்கோப் வழியாகப் பார்த்தால் உப்பைச் சிதறவிட்ட மாதிரி இருந்தது. அதை இயக்கிய கல்லூரிப் பையன் பொறுமையாக எல்லாருக்கும் காட்டினான். “இதுலதான் விண்கல்லும் பார்க்கணுமா அண்ணா?” என்று ஒரு அம்மா கேட்க, அவன் “ஆமாங்க” என்று தலையாட்டிவிட்டான். அதுதான் தப்பு. டெலஸ்கோப்பில் தெரிகிற வானம் ஒரு விரல் நகத்தளவு. விண்கல்லோ வானத்தின் எந்த மூலையிலும் அரை நொடியில் வந்து போய்விடும். அதற்கு வேண்டியது மல்லாந்து படுக்க ஒரு கட்டிலும் இரண்டு கண்ணும். வேறு கருவி கிடையாது.

சாப்பாடு சப்பாத்தி, குருமா, கோபி 65. மறந்துவிடலாம். பாய் வீட்டுப் பிரியாணி டப்பாவைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு எல்லாரையும் புல்வெளிக்கு வரச் சொன்னார்கள். கிழக்கே மேகம், தூரத்தில் மின்னல். அது கிடக்கட்டும், மேகம் யார் கையில் இருக்கிறது. ஆனால் புல்வெளியின் மூலையில் ஒரு இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஒரு ஃபோக்கஸ் லைட். நூறு வாட்ஸ். 6500 கெல்வின் கூல் ஒயிட். கண்ணாடியில் பூச்சி அப்பியிருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும், அதே மாடலை நானே கடையில் மாதம் பத்துப் பன்னிரண்டு விற்கிறேன். அதைக் கீழே பார்க்கத் திருப்பாமல் மட்டமாக, எதிர் மேட்டைப் பார்த்து மாட்டியிருந்தார்கள். புல்வெளியில் படுத்தால் நேராக முகத்தில் அடிக்கிறது. இருபது பேர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வானத்தைத் தேடினோம். பத்து நிமிடத்தில் ஒருவர் “விமானம்” என்றார். இன்னொருவர் “அதோ” என்றார், அது மின்மினி. ஒன்பதே முக்காலுக்கு ஸ்பீக்கரை ஆன் செய்துவிட்டார்கள்.

கண் இருட்டுக்குப் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். பழகிய கண்ணில் ஒருமுறை வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்த அரை மணி நேரமும் பாழ். திரும்ப முதலிலிருந்து. இது எனக்கே 2020 டிசம்பரில்தான் புரிந்தது. மொட்டை மாடியில் ஜெமினிட் பார்க்கப் படுத்திருந்தேன், பக்கத்து வீட்டு மாடிப்படி விளக்கு நிமிடத்துக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. மோஷன் சென்சார். நான் விற்றது.

இந்த விடுதியைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்: அவர்களிடம் இருக்கிற விலையுள்ள சரக்கு இருட்டு ஒன்றுதான். ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே நூறு வாட்ஸைக் கொளுத்திவிட்டு, டெலஸ்கோப்புக்கும் கோபி 65க்கும் காசு வாங்குகிறார்கள்.

பதினொன்றுக்கு மச்சான் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டான். மகளையும் தூங்கச் சொல்லிவிட்டு ஒன்றேகாலுக்கு அலாரம் வைத்தேன்.

எழுந்து வெளியே வந்தபோது நெருப்பு சாம்பலாகிக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. மேகம் விலகியிருந்தது. அந்த விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. திண்ணையில் காவலாளிப் பெரியவர் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார், பக்கத்து ஊர்க்காரர். விளக்கை அணைக்கலாமா என்று கேட்டேன். “பன்னி வரும் சார். கரடியும் உண்டு. ஓனர் திட்டுவாரு” என்றார். விண்கல் பார்க்கத்தானே வந்தோம் ஐயா, மூன்று மணி நேரம் போதும், காலையில் நானே போட்டுவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்து என்னைப் பம்ப் ரூமுக்குக் கூட்டிப் போனார். மூன்று எம்சிபி ஸ்விட்ச் வரிசையாக, எதிலும் பெயர் எழுதவில்லை. இரண்டாவது என்றார். தட்டினேன்.

அடேயப்பா.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை, கறுப்புதான். பிறகு தெற்கே பால்வீதி புகை மாதிரி எழும்ப ஆரம்பித்தது. விருச்சிகம் வால் நுனி வரைக்கும் வளைந்து கிடந்தது, நடுவே கேட்டை சிவந்து. வடமேற்கே சப்தரிஷி சாய்ந்துகொண்டிருந்தது. வசிட்டரைத் தேடிப் பிடித்தேன், பக்கத்தில் அருந்ததி பளிச்சென்று. எங்கள் கல்யாணத்தில் ஐயர் பட்டப்பகலில் காட்டி, தெரியுதா என்று கேட்டு, தெரியுது என்று நானும் பொய் சொன்ன அதே அருந்ததி.

பெரியவர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து வயல் ஓரத்தில் போட்டார். இன்னொன்றை நான் இழுத்து வந்தேன். மகளை எழுப்பினேன். அவள் பொறுப்பு, நோட்டில் குறிப்பது. டார்ச்சின் முகத்தில் சிவப்பு ஜெலட்டின் காகிதத்தை மூன்று மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தோம். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. நோட்டில் நான்கு கட்டம்: நேரம், பிரகாசம், யாழா வேறா, வால் நின்றதா. பிரகாசத்துக்கு அளவுகோலும் வானத்திலேயே இருக்கிறது. அபிஜித் அளவு என்றால் பூஜ்யம், சித்திரை அளவு ஒன்று, துருவ நட்சத்திர அளவு இரண்டு. யாழா வேறா என்று பார்ப்பதும் சுலபம்தான். கோட்டைப் பின்னாலேயே இழுத்துப் பார்க்க வேண்டும். அபிஜித் பக்கத்தில் போய் முட்டினால் யாழ். முட்டாவிட்டால் வழிப்போக்கன்.

1.40க்கு ஆரம்பித்தோம். முதல் பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. சிறு பொழிவில் இதுதான் பெரிய சோதனை. நூறு வருமென்று நம்பி வந்தவர் இந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். 1.52க்கு முதலாவது, வடகிழக்கே, ஊசியால் கீறின மாதிரி மெல்லிசாக. “அப்பா, இது கணக்கா?” என்றாள். கணக்குதான். துருவ அளவு என்று எழுதினாள்.

முதல் மணி நேரத்தில் நான்கு. அடுத்த மணியில் அபிஜித் மேலே ஏற ஏற, ஏழு.

3.17க்கு வந்ததை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். நான் உச்சிக்குச் சற்றுத் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்குப் பின்னாலிருந்து வந்தது. முதலில் வெளிச்சம்தான் தெரிந்தது, வயலில் அறுத்துக் கிடந்த சாமைத் தாள்கள் ஒரு கணம் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு அதுவே கண்ணுக்குள் நுழைந்து, வெள்ளையில் ஒரு துளி பச்சை கலந்தாற்போல், பால்வீதியைக் குறுக்கே வெட்டி விருச்சிகத்தின் வாலுக்கு மேலே போய் இரண்டு முறை உப்பி அணைந்தது. சத்தம் இல்லை. அபிஜித்தைவிட நன்றாகவே பிரகாசம். போன தடத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று நின்றது. மகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். மூன்றில் கரைந்தது. பெரியவர் திண்ணையிலிருந்து “பூ பேரு சொல்லுங்க, பூ பேரு சொல்லுங்க” என்று கத்தினார். எங்கள் ஆயாவும் அதையேதான் சொல்லுவாள், நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உடனே பூப் பெயர் சொல்ல வேண்டும் என்று. நானும் அனிச்சையாக மல்லி, முல்லை என்றேன். அந்தக் கூத்தில் அடுத்த கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டோம்.

அந்தத் துணுக்கு மணல் அளவோ, மிஞ்சினால் சின்னக் கூழாங்கல் அளவோதான் இருந்திருக்கும். 1861இல் தாட்சர் என்பவர் நியூயார்க்கிலிருந்து கண்டுபிடித்த வால்நட்சத்திரம் உதிர்த்துவிட்டுப் போன தூசி. அந்த வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 415 வருடம். அதன் தூசிதான் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில், நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதி எரிகிறது. கிமு 687இலேயே சீனர்கள் இந்தப் பொழிவைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தனை காலமாக நடப்பதை மகளுக்குக் காட்டப் பம்ப் ரூமில் ஒரு ஸ்விட்சைத் தட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது மணியில் எட்டு. மூன்று மணி வாக்கில் எழுந்த சனி கிழக்கே நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. 4.20 போல அபிஜித் வடக்கே நல்ல உயரத்தில் நின்றது. 4.40க்குக் கிழக்கு சாம்பல் பூத்ததும் நிறுத்திக்கொண்டோம். மொத்தம் யாழ் 19, வழிப்போக்கர்கள் 5. மகள் கொசு அடிக்கத் திரும்பியதில் இரண்டு தவறின என்று அடித்துச் சொல்கிறாள், நான் சேர்க்கவில்லை. இந்தப் பதிவைச் சர்வதேச விண்கல் அமைப்புக்கு அனுப்பலாம், நம்மைப் போன்ற கண்ணால் எண்ணுகிறவர்களின் கணக்கைச் சேர்த்துத்தான் அவர்கள் பொழிவின் ஏற்ற இறக்கத்தைப் போடுகிறார்கள். மகளே உட்கார்ந்து அனுப்பினாள்.

பனியில் போர்வை நனைந்திருந்தது. ஏப்ரல்தானே என்று ஸ்வெட்டர் எடுக்காமல் போகாதீர்கள். மலையில் விடிகாலை ஒரு மாதிரி.

காலை டிபன் இரவுச் சாப்பாட்டுக்கு நேர் எதிர். பெரியவரின் வீட்டம்மா செய்த சாமை உப்புமா, வேர்க்கடலைச் சட்னி, கூட ஒரு கிண்ணத்தில் மலைத்தேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மச்சான் அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து, “எத்தனை விழுந்துச்சு?” என்றான். மகள் நோட்டைக் காட்டினாள். பக்கத்து மேசைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, “எங்களை ஏன் எழுப்பலை அங்கிள்?” என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுப்பியிருக்க வேண்டும். அதைவிட, விடுதிக்காரர்கள் எழுப்பியிருக்க வேண்டும். அந்த இருபது பேரும் காசு கொடுத்து மின்மினி பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்றால், வானத்துக்கும் உப்புமாவுக்கும் பெரியவருக்கும் ஐந்து. நிகழ்ச்சி நிரலுக்கு ஒன்று. போஸ்டருக்கு ஒன்றும் கிடையாது. சேர்த்து மூன்று போடுகிறேன். போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்து, நள்ளிரவுக்கு மேல் வெளிவிளக்கை அணைப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நிலா எப்போது இறங்குகிறது என்று காலண்டரில் பாருங்கள். நடுவில் தூங்கி எழுந்தாலும் பரவாயில்லை, ஒன்றரைக்கு மேல்தான் வேலை.

கிளம்பும்போது பொறுப்பாளர் கருத்துக் கேட்டார். விளக்கு விஷயத்தைச் சொன்னேன். கம்பத்தில் வார்ம் ஒயிட் பல்பு, தலையில் ஒரு தகட்டு மூடி, முகம் தரையைப் பார்த்து. கூடவே பன்னிரண்டு மணிக்குத் தானே அணைகிற மாதிரி ஒரு டைமர். பன்றிக்குப் பயந்தால் திண்ணைக்குப் பின்பக்கம் ஐந்து வாட்ஸில் ஒன்று. மொத்தமாக எவ்வளவு ஆகும் என்று கேட்டார். கூலி சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்றேன். கொட்டேஷன் அனுப்பச் சொன்னார், அன்றைக்குச் சாயந்திரமே அனுப்பிவிட்டேன். பார்த்ததற்கான நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை.